ஞானதுரை சாரா, சங்கரபாண்டி மாஸ்டரா?

5.7.1959, ஞாயிறு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. இனி என் வீட்டிலும் பேச்சுக்குரல் கேட்கும்.

செங்கோட்டை மரக்கடைச் சங்கரநாராயணன் அண்ணாச்சியும், திருநெல்வேலி ஏட்டு பரமசிவனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்து ஹாக்கி டீம்தான், ஒரே வருஷத்து டீம் இல்லை. அண்ணாச்சி, எங்கள் பழைய கோச் ஞானதுரை சாரிடம் ஆடினவர். பரமசிவன், அவருக்குப் பிறகு பட்டாளத்திலிருந்து வந்த சங்கரபாண்டி மாஸ்டரிடம் ஆடினவன். இரண்டு பேரிடமும் ஆடின ஒரே பிரகிருதி நான். ஆறாம் பாரத்தில் இரண்டு தடவை பெயிலானால் அந்தப் பதவி கிடைக்கும்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, தலைகூடத் துவட்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஞானதுரை சார் பந்தை மட்டையில ஒட்டவச்சுக் குடுத்தாருலே. ஒங்க மாஸ்டர் மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டாரு. வேற என்ன செஞ்சாரு?"

"ஒட்டவச்சு என்னத்துக்கு அண்ணாச்சி? ஒருத்தன் வெளையாடுதான், மத்தவன்லாம் வேடிக்கை பாக்கான். பாஸ் குடுக்கணும்னு சொல்லிக் குடுத்ததே எங்க மாஸ்டர்தான்."

கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லுலே பெருமாளு. ரெண்டு பேரையும் பாத்தவன் நீ. யாரு பெரியவரு?"

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

வருஷக்கணக்காக இதே பதில்தான். சொல்லிவிட்டால் அடுத்த சாரலுக்கு இவர்களுக்கு இங்கே என்ன வேலை?

7.7.1959

போய்விட்டார்கள். வீடு பெரிதாகிவிட்டது.

18.11.1959

வீட்டுக்காரி தங்கபுஷ்பம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஆறு வருஷம். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை குட்டி இருந்திருந்தால் அதுகளாவது நினைத்துக்கொண்டிருக்கும். நல்ல மழை.

10.7.1960, ஞாயிறு

இந்த வருஷமும் அதே வழக்கு. ஞானதுரை சார் காலத்தில் வெறுங்கால் ஆட்டம், மேடு பள்ளமான தரை. சங்கரபாண்டி மாஸ்டர் வந்த பிறகு பூட்ஸ், சுண்ணாம்புக் கோடு, விசில். "காலமே வேற. எப்படி அண்ணாச்சி ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்க முடியும்?" என்றான் பரமசிவன். அப்படிச் சொன்னவனே அரை மணி நேரம் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தான்!

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

10.9.1960, சனி

பார்க் ரேடியோவில் கேட்டேன். ரோமாபுரி ஒலிம்பிக் ஹாக்கியில் நாம் தோற்றுவிட்டோம், பாகிஸ்தானிடம். ஒரே ஒரு கோல். கூட்டம் அப்படியே கலைந்தது. எனக்கு நம் கோல் கீப்பர் நேற்று ராத்திரி சாப்பிட்டிருப்பானா என்றே ஓடிக்கொண்டிருந்தது.

11.9.1960, ஞாயிறு

செய்துவிட்டேன். என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

தோற்ற துக்கத்தில் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் உட்கார்ந்ததுமே சண்டை. ஞானதுரை சார் வளர்த்த பையன்களாக இருந்தால் தோற்றிருப்பார்களா என்று அண்ணாச்சி. மாஸ்டர் கையில் அந்த டீம் இருந்திருந்தால் என்று பரமசிவன். "இன்னைக்குச் சொல்லியாவணும்லே" என்று அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

எங்கிருந்துதான் வந்ததோ. "எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? ரெண்டு பேருமே எனக்கு ஒண்ணும் சொல்லித் தரல. ஒருத்தரு, பந்தை உருட்டத் தெரியலன்னு என்னைய கோல் கம்பத்துக்கிட்ட நிறுத்தினாரு. இன்னொருத்தரு, ஓடத் தெரியலன்னு அங்கனயே நிறுத்தினாரு. ஜெயிச்சா ஒங்க முதுகுல தட்டுவாங்க. தோத்தா மட்டும் என் பேரு அவங்களுக்கு ஞாபகம் வரும். போதுமா?"

காப்பி ஆறிப்போயிற்று. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரோம்லே" என்றார். அவ்வளவுதான்.

இதைச் சொல்லாமல் இருந்தால் என்ன குறைந்திருக்கும்? சாட்சிக்கு ஒன்றும் தெரியாது என்றான பிறகு அவனை எவன் தேடி வருவான்? சவத்து வாய்.

16.7.1961, ஞாயிறு

வரவில்லை. அடுத்த வீட்டு ராபியா, "ஒங்க கூட்டாளிகளை இந்த வருசம் காணலியே அண்ணாச்சி?" என்று கேட்டாள். "வேலை இருக்கும்மா" என்றேன். மூன்று பேருக்கு உலை வைத்திருந்தேன்.

ஜூலை 1962

சாரல் நன்றாக இருக்கிறதாம்.

4.8.1963

குற்றாலத்துக்குத் தனியாகப் போனேன். துண்டைப் பாறைமேல் வைத்துவிட்டுக் குளித்தேன். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஈர வேட்டியோடு பஸ்ஸில் நின்றபோது எனக்கே சிரிப்பு. வீட்டுக்கு வந்து இதை யாரிடம் சொல்ல? இங்கே எழுதிவைக்கிறேன்.

23.10.1964, வெள்ளி

டோக்கியோவில் ஜெயித்துவிட்டோம்! அதே பாகிஸ்தான், அதே ஒரு கோல், இந்தத் தடவை நம்முடையது. கோல் கீப்பர்தான் காப்பாற்றினான் என்று பார்க்கில் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

25.10.1964, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டினார்கள். அண்ணாச்சி, பின்னால் பரமசிவன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

பாயை எடுத்து விரித்தேன். அவரே சொன்னார்: "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரச் சொல்லுதே? ஒங்கூட ஆடினவன் நான். நீ அங்கன தனியா நிக்கியேன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்தேனா?"

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க பேசி முடிச்சுட்டம்லே. கோல் கீப்பருக்குச் சொல்லிக் குடுக்காதவன் என்ன கோச்சு? ஞானதுரை சார் மட்டந்தான்."

"எங்க மாஸ்டரும் மட்டந்தான் அண்ணாச்சி" என்றான் பரமசிவன், தலையைக் குனிந்துகொண்டு.

ஆயுசுக்கும் விட்டுக்கொடுக்காத இரண்டு வாய்கள்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நிமிஷமே பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஞானதுரை சாரை மட்டம் என்று சொல்ல இவர் யார்? அவர் மட்டையைப் பிடிக்கிற அழகை, அவருக்கு வலது பக்கத்தில் நின்று ஆடின இவரா பார்த்தார்? எதிரே கோல் வாசலில் நின்ற நானல்லவா பார்த்தேன்! மாஸ்டர் வந்த பிறகுதான் எதிராளி பந்து என் கோல் வரைக்கும் வருவதே குறைந்தது, அது பரமசிவனுக்கு எங்கே தெரியும்?

"வாய மூடுங்க ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தேன்.

சாப்பிடும்போதும் நான்தான் பேசினேன். அவர்கள் விடவில்லை, அவர்கள் மட்டம் என்கிறார்கள், நான் இல்லை என்கிறேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. நாளைக்கும் இருக்கிறார்களாம். ஆபீசுக்கு லீவு போடப் போகிறேன்.