ஆத்தா போட்ட செருப்பு

சவுக்குமேடு,
4.5.2025

அன்புத் தங்கை சகுந்தலாவுக்கு,

அண்ணன் தனகோடி எழுதுவது. இங்கே நான் நலம். கூடுவாஞ்சேரியில் நீயும், மகள் காயத்ரியும், மாப்பிள்ளையும், பேரன் இனியனும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துத்தான் கொள்ள வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டது. ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை தீமிதி. போன வருஷம் இனியனுக்கு இதயத்தில் ஓட்டை என்று ஆபரேஷன் நடந்தபோது நீங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். நான் அம்மன் வாசலில் நின்றேன். பிள்ளை பிழைத்தால் என் தோளில் உட்கார வைத்து நெருப்பில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தான். டாக்டருக்குப் பழத்தட்டு வைத்துக் கும்பிட்டீர்கள். அம்மனுக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

பயப்படாதே. வாலிப வயதிலிருந்து இறங்குகிறேன். முன்பெல்லாம் இரண்டு நாளைக்குக் காலில் எரிச்சல் இருக்கும். நாலைந்து வருஷமாக அதுவும் இல்லை, பூவில் நடப்பதுபோல் இருக்கிறது. போன வாரம் பந்தல் போடும்போது ஒரு ஆணி காலில் ஏறியிருக்கிறது. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பூசாரியிடம் சொன்னேன். "உனக்கு இன்னா அண்ணாத்த, ஆத்தாவே கால்ல செருப்பு மாட்டி வுட்டுக்கீறா" என்றார்.

குழந்தைக்கு மஞ்சள் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாளே அழைத்து வந்துவிடு.

உன் அண்ணன்,
தனகோடி


கூடுவாஞ்சேரி,
9.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சகுந்தலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். ஆணி ஏறிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இனியன் ஓடியாடி விளையாடுகிறான். உங்கள் தோளில் ஏறுவதென்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. காய்ச்சல், சளி என்று ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை. அவனை நான் அனுப்ப மாட்டேன்.

அண்ணா, அது அருள் இல்லை, சர்க்கரை. நீங்கள் மாத்திரையை நிறுத்தியது எனக்குத் தெரியும். உங்கள் கால் மாதிரி எத்தனையோ கால்களை வார்டில் கழுவிக் கட்டுப்போட்டுத்தான் ரிடையர் ஆனேன். சர்க்கரை கூடிக் கூடிப் பாதத்து நரம்பு செத்துப்போகும். அதற்குச் சூடும் தெரியாது, ஆணியும் தெரியாது. தரை எங்கே இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. குழியில் கால் பிசகினால் உங்களுக்கே தெரியாது. தோளில் குழந்தை இருப்பான்.

கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது பேனா முனையால் உங்கள் பாதத்தைத் தொடச் சொல்லுங்கள். தொட்டபோதெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டால் என் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சொல்ல முடியாவிட்டால் உடனே பஸ் ஏறி இங்கே வாருங்கள்.

உங்கள் தங்கை,
சகுந்தலா


சவுக்குமேடு,
15.5.2025

சகுந்தலாவுக்கு,

உன் பேனாப் பரீட்சைக்கு வேறு ஆளைப் பார். நான் பள்ளிக்கூடமே போகாதவன். ரோடு வேலைக்குப் போன இடத்தில் மைல்கல்லைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். மகாபலிபுரம் ரோட்டுக்குத் தார் ஊற்றிய கால் இது. அந்தக் கூலியில்தான் நீ நர்ஸ் படித்தாய். படித்துவிட்டு, என் கால் செத்துவிட்டது என்று எழுதுகிறாய்.

மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. செத்தா போனேன்?

கோயிலில் பூக்கட்டும் சந்திரம்மாவிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "ஊசி போட்ட கை அண்ணே, அதுக்கு எதைத் தொட்டாலும் நோவுதான்" என்று சிரித்தாள்.

உன் அண்ணி போன பிறகு இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்? டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து பெஞ்சு மாறுகிறான். கிழவன் சண்டைக்காரன் என்று பேர். ஆனால் தீமிதி அன்று கரகத்துக்கு அடுத்து இறங்குகிறவன் நான்தான். ஏறி வந்ததும் அதே ஊர் என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறது. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என் காலடியில் கிடத்துகிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நான் மனிதன். அதையும் சர்க்கரை என்று எழுதிவிட்டாய்.

குழந்தை வர வேண்டும். வராவிட்டால் உனக்கு அண்ணன் இல்லை.

தனகோடி


கூடுவாஞ்சேரி,
22.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு அண்ணன் இல்லை என்று நீங்கள் எழுதினாலும் நான் அண்ணா என்றுதான் எழுதுவேன்.

உங்கள் கூலியில் படித்ததை நான் மறக்கவில்லை. படித்ததால்தான் சொல்கிறேன். குழந்தை வர மாட்டான். இது காயத்ரியின் பேச்சு என்று அவள்மேல் கோபப்படாதீர்கள், என் பேச்சுதான்.

நான் மட்டும் வருகிறேன். குழி முடிகிற இடத்தில், பால் ஊற்றி வைத்திருக்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஊர் முழுவதும் கும்பிட்டு முடிக்கட்டும். அதன் பிறகு காலை என்னிடம் காட்டுங்கள். கழுவி, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்து மருந்து போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதற்காவது சரி என்று எழுதுங்கள்.

சகுந்தலா


சவுக்குமேடு,
26.5.2025

சகுந்தலாவுக்கு,

வராதே. வந்தால் கூட்டத்தில் உன்னை யார் என்று கேட்பேன். நான் கேட்கக்கூடியவன் என்று உனக்குத் தெரியும்.

குயவரிடம் இனியன் உயரத்துக்கு மண் பொம்மை செய்யச் சொல்லிவிட்டேன். சட்டை அதற்குச் சரியாக இருக்கும்.

தனகோடி


செங்கல்பட்டு, ஆஸ்பத்திரி,
20.7.2025

சகுந்தலாவுக்கு,

அடுத்த கட்டிலில் இருப்பவரின் மகளிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன். நீ வந்து போவது எனக்குத் தெரியும். வரும்போதெல்லாம் தூங்குவதுபோல் கிடக்கிறேன்.

ஊரார் சொல்லிக் கேட்டிருப்பாய். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன். பொம்மைக்கு மஞ்சள் சட்டை போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். சுடவில்லை. பாதிக் குழியில் காலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சாய்ந்தேன். நான் விழவில்லை, நிமிர்ந்துவிட்டேன். பொம்மை தலைக்கு மேலாகப் போய் எனக்கு முன்னால் விழுந்து உடைந்தது. சட்டை பிடித்து எரிந்தது. அதைத் தாண்டித்தான் நடந்து வந்தேன். ஊர் என் காலைக் கும்பிட்டது.

விழுந்தது பொம்மைதான். நீ சொன்னது சரி என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்தச் சட்டை எரிந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

பாதத்தில் கங்கு ஒட்டி உள்ளே புதைந்திருக்கிறது. நான் அதோடு நடந்துகொண்டிருந்தேன். நாற்றம் கண்டு சந்திரம்மாதான் ஆட்களைக் கூப்பிட்டாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நேற்று நீ போர்வையை விலக்கி, மிச்சமிருக்கும் காலைப் பேனா முனையால் விரல் விரலாகத் தொட்டாய். அரைக்கண்ணால் பார்த்தேன். பார்த்ததால் தெரிந்தது. பிறகு பேனாவை மூடிவிட்டு, அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாய். அதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குழந்தையை இங்கே அழைத்து வராதே. தாத்தா கால் எங்கே என்று கேட்பான்.

இன்னும் ஒன்று. எடுத்துவிட்ட கால் சுடுகிறது. இல்லாத பாதத்தில், இல்லாத விரல்களில், குழிக்குள் நிற்பதுபோல் எரிகிறது. இத்தனை வருஷம் தெரியாமல் போன சூடெல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. ஆத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் படிப்பில் இதற்கும் ஒரு பெயர் இருக்கும்.

அதை எனக்கு எழுதாதே.

அண்ணன்