படத்தில் ஆளில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் மகளும் நலமா?

போனில் ‘ம்’ தவிர நான் எதுவும் சொல்வதில்லையாம், இனி எழுதினால்தான் உன்னிடமிருந்து பதிலாம். எழுதிவிட்டேன்.

ஓய்வு பெற்றபோது மகள் வாங்கித் தந்த கேமராவை வெளியே எடுத்தேன். பஸ் ஓட்டிய காலமெல்லாம் நம் பேட்டையை முன்கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது விடிந்ததும் வாய்க்கால் ஓரமாக நடக்கிறேன். நம் தெருமுனையில் அது இரண்டாகப் பிரிகிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது. சிரிக்காதே. கடிதத்தோடு சில படங்கள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்

பிப்ரவரி 20

உங்களுக்கு,

சிரித்தேன். தண்ணீரில் மின்கம்பம் தலைகீழாக நிற்கும் படத்தை மகள் சுவரில் ஒட்டிவிட்டாள்.

அது சரி, ஊரையே காலி பண்ணிவிட்டார்களா? எந்தப் படத்திலும் ஈ, காக்கா இல்லையே! சைக்கிள் கடைக்காரர் எங்கே? வாய்க்காலில் பாசி அள்ளுகிற படகுக்காரம்மா எங்கே? எனக்கு இங்கே ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. ஊசியைவிட வாய்தான் அதிகம் ஓடுகிறது.

உங்கள் மகளின் அம்மா

மார்ச் 6

அன்புள்ள உனக்கு,

ஆளைப் படமெடுக்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே! அதனால்தான் விடிகாலையில் போனேன். நீ கேட்டாயே என்று இந்த முறை சாயங்காலம் போனேன்.

சைக்கிள் கடைக்காரர், “இருங்க, சட்டைய மாத்திட்டு வரேன்” என்று உள்ளே போனவர், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டுதான் வந்தார். படகுக்காரம்மாவுக்கு அந்தக் கூச்சமே இல்லை. “எடுங்க எடுங்க, என் கல்யாணத்துலகூட இவ்ளோ கிட்ட வந்து எடுக்கல” என்றார். பிறகு உற்றுப் பார்த்து, “தையலக்கா வீட்டுக்காரர்தானே? அக்கா எங்க, ஆளையே காணோம்?” என்றார்.

மகளோடு இருக்கிறாய் என்றேன்.

“தினமும் வேலை விட்டு வந்து இந்தப் பாலத்துச் சுவர்லதான் உட்காருவாங்க. இருட்டுற வரைக்கும் பேச்சுதான். வீட்டுக்குப் போகலையான்னா, ‘அங்க போனா பேச ஆளில்ல, இங்கயே பேசித் தீர்த்துட்டுப் போறேன்’னு சிரிப்பாங்க.”

கேமராவைச் சரிபார்க்காமலே பொத்தானை அழுத்திவிட்டேன். அவர் படம் மங்கலாக இருப்பது அதனால்தான். கடையில் உனக்கு வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது உண்மையா?

நான்

மார்ச் 15

உங்களுக்கு,

உண்மை. வேலை அதிகம் என்று நான் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

‘குடிக்கிறாரா, அடிக்கிறாரா, என்ன குறை?’ என்று இங்கே எல்லாரும் கேட்டார்கள். என்ன சொல்வேன்? மகள் வீட்டில் இருந்தவரை அவள் சத்தத்தில் ஓடிவிட்டது. அவள் வேலைக்கு இங்கே வந்த பிறகு, சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும்தான். அதைக் கேட்டுக்கொண்டே கிழவியாக எனக்குப் பயமாக இருந்தது. மகளுக்குத் துணை என்று சொல்லிக் கிளம்பினேன். கோபித்துக்கொண்டு வரவில்லை.

படம் மங்கலாக இருந்தாலும் படகுக்காரம்மா சிரிப்பது தெரிகிறது.

மகளின் அம்மா

மார்ச் 24

அன்புள்ள உனக்கு,

நாள் முழுக்க ஹாரனும் பயணிகள் சண்டையும் கேட்டுவிட்டு வந்தால், வீட்டு அமைதி எனக்குச் சொர்க்கமாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இப்போது தெருவில் எல்லாரோடும் பேசுகிறேன். வீட்டுக்குள் வந்தால், சொல்ல ஆளில்லை. உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வந்துவிடு.

நான்

ஏப்ரல் 4

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். நான் திரும்பி வரப்போவதில்லை. கோபம் இல்லை, சத்தியமாக. இங்கே காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு யாரிடம் என்ன சொல்லலாம் என்று தோன்றுகிறது. அந்த வீட்டுக்குள் வந்தால் என் வாய் பழையபடி மூடிக்கொள்ளும். உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று பயப்படுகிறேன்.

ஆனால் இத்தனை வருஷத்தில், உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது இந்த இரண்டு மாதமாகத்தான். இதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். மகள் சமைக்கிறேன் என்கிறாள். எல்லாக் கதையையும் சொல்லிவிட்டு, சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். அடுத்த ஞாயிறும் வாருங்கள்.

எந்த வண்டி என்று எழுதுங்கள். பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
நான்