அறுபத்தொரு அட்டைகள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன், இருக்கேன்" என்று இரண்டு தடவை சொல்லி முடித்துவிடுவாய். போனில் பேசினால் பேச்சையே மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

படம் முடிந்துவிட்டது. வெளியிடுவதற்கு முன், எங்களை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு காட்சி போட்டு, பார்த்தவர்களின் கருத்தை அட்டையில் எழுதி வாங்குவது எங்கள் தயாரிப்பாளரின் வழக்கம். இந்தத் தடவை நீ மேனேஜராக இருக்கும் தியேட்டரைப் பிடித்திருக்கிறார். சனிக்கிழமை மேட்னி. அவராகத்தான் முடிவு செய்தார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்த பழைய தேவதைக் கதைதான். காட்டில் தொலைந்த அக்கா தம்பி, பலகார வீடு, சூனியக்காரி, அடுப்பு. நான் கொஞ்சம் இருட்டாக்கியிருக்கிறேன். இரண்டு முடிவு எடுத்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காட்டப்போவது நான் எழுதியது, அதில் அடுப்புக் கதவு மூடும். இன்னொன்று தயாரிப்பாளரின் ஆசைக்கு எடுத்தது, அதில் அக்காவும் தம்பியும் கைகோத்து வீட்டுக்குப் போவார்கள். பத்துக்கு ஏழு பேருக்கு என் முடிவு பிடித்திருந்தால் அதுவே இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். குறைந்தால் மூன்று வருட உழைப்பும் போச்சு.

அட்டைகளை நீயே எண்ணிக் கட்டி அனுப்பு. வேறு யாரையும் நம்ப மாட்டேன். இன்னொன்று, நீ உள்ளே உட்கார்ந்து படம் பார்க்க வேண்டாம்.

உன் தம்பி

மார்ச் 9

என் அன்புத் தம்பிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்கிறேன், வரட்டும்.

காட்சி நன்றாக நடந்தது. இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். படம் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவுகளைச் சாத்திவிட்டு, ஒரே வாசல் வழியாகத்தான் விட்டேன். அட்டையைப் பெட்டியில் போடாமல் ஒரு ஆள் வெளியே போகவில்லை. இருபத்தெட்டு வருஷ அனுபவம் சும்மாவா?

சிலதைப் படித்துச் சிரித்தேன். பல் டாக்டர் ஒருவர், "இவ்வளவு இனிப்புக்கு நடுவில் இருக்கும் சூனியக்காரிக்கு ஒரு சொத்தைப் பல்கூட இல்லை, நம்ப முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஒரு அம்மா, "என் மகன் இனிமே பாத்ரூமுக்குத் தனியா போவானா? டைரக்டர் வந்து கூட்டிட்டுப் போவாரா?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு பெரியவருக்குப் படம் முழுக்க இருட்டாம், லைட்டுக்குப் பஞ்சமா என்கிறார். ஒரு கல்லூரிப் பெண், "கதவு மூடினப்ப கை தட்டினேன், ஏன் தட்டினேன்னு தெரியல" என்று எழுதியிருக்கிறாள். "பாவம் அந்த அக்கா, அவளுக்கு என்ன கஷ்டமோ" என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்த அட்டைகளைக் கவனமாகப் படி.

நான் படம் பார்க்கவில்லை. நீ ஏன் பார்க்க வேண்டாம் என்றாய் என்றும் கேட்கவில்லை பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீயும் கூரியரிலேயே பதில் அனுப்பு. வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் முடிவு செய்கிறார்.

மூன்று தடவை எண்ணினேன். நீ அனுப்பிய கட்டுக்குள் நூற்று ஐம்பத்து மூன்று அட்டைகள்தான் இருக்கின்றன. என் முடிவு பிடித்தது என்று எழுதியவர்கள் தொண்ணூற்றாறு பேர். பத்துக்கு ஏழு இல்லை. "பாத்தியா, ஜனங்களுக்கு அக்காவும் தம்பியும் சேரணும்" என்று தயாரிப்பாளர் என் முதுகில் தட்டுகிறார்.

ஒரு ஆளைக்கூட அட்டை வாங்காமல் விடவில்லை என்று பெருமையாக எழுதியவள் நீ. இருநூற்றுப் பதினான்கு பேர் என்று கணக்குச் சொன்னவளும் நீதான். பாக்கி அறுபத்தொன்று எங்கே?

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் பத்துப் பேருக்குப் படத்தைப் போட்டோம். தம்பியைக் காட்டில் விட்டுவிட்டு ஓடி, பிறகு சூனியக்காரியாகவே மாறி, கடைசியில் தம்பி கையாலேயே அடுப்புக்குள் போகும் அந்த அக்காவை ஆறு பேர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நீ அனுப்பிய அட்டைகளில் அவளைத் திட்டி ஒருவர்கூட எழுதவில்லை. அது எப்படி அக்கா?

நீ உள்ளே உட்கார்ந்தாயா? மழுப்பாமல் பதில் எழுது.

தம்பி

மார்ச் 18

தம்பி,

உட்கார்ந்தேன். கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்து சீட்டில். பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் போனேன்.

மரத்தடியில் பையனை நிறுத்திவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணு, அக்கா வந்துடுவேன்" என்கிறாளே, அதற்கப்புறம் என்னால் எழுந்து போக முடியவில்லை. அது உன்னைக் கொண்டுபோய் விட்ட அன்று ஹாஸ்டல் கேட்டில் நான் உன்னிடம் சொன்னது. உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்? முன் சீட்டில் ஒரு அம்மாள், "இவல்லாம் ஒரு பொம்பளையா? நாசமாப் போக!" என்றாள். தியேட்டரே "உச்" கொட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லைதான், ஆனாலும் குனிந்துகொண்டேன்.

அப்புறம் ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அட்டைகளைப் பிரித்தேன். "இவளைக் கொளுத்தினது பத்தாது." "அம்மா இல்லாத பிள்ளைக்கு அக்காதானே அம்மா? அவளே விட்டுட்டுப் போனா?" "அந்தப் பையன் இன்னும் எண்ணிட்டே இருப்பான் போல." இப்படி அறுபத்தொன்று. உன் மனசு நோகும் என்று ஒளித்தேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். என்னால் தாங்க முடியவில்லை. எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். அந்த அவசரத்தில் கணக்கை மறந்தேன், என் பெருமையே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அம்மா இறந்த வருஷம் எனக்கு இருபது, உனக்கு ஒன்பது. மாப்பிள்ளை வீட்டில், "பொண்ணு மட்டும் வரட்டும், பையனை எங்கயாவது சேர்த்துடுங்க" என்றார்கள். வேறு வழியில்லை என்று இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லிவந்தேன். வழி இருந்ததடா. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் எல்லோரையும் போல வாழ ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் உன்னை வந்து பார்க்காமல் இருந்ததும் அவர்கள் தடுத்ததால் இல்லை. உன் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கம்.

அட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். தயாரிப்பாளரிடம் கொடு. நான்தான் எடுத்தேன் என்று சொல். என் வேலை போனால் போகட்டும், உன் படம் போகக் கூடாது.

அக்கா

மார்ச் 21

அக்கா,

அறுபத்தொன்றையும் கொடுத்துவிட்டேன். அவளைத் திட்டிய அத்தனை பேருக்கும் என் முடிவு பிடித்திருக்கிறது. மொத்தம் நூற்று ஐம்பத்தேழு பேர், பத்துக்கு ஏழுக்கு மேல், அதனால் கதவு மூடும். யார் எடுத்தது என்று தயாரிப்பாளர் கேட்டார். "எங்க அக்கா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை. உன் வேலைக்கு ஆபத்தில்லை.

நானும் ஒரு பொய் சொன்னேன். உன் தியேட்டர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நான். பார்க்காதே என்றால் நீ பார்ப்பாய் என்றும் தெரியும். முன்னூறு பேர் சேர்ந்து எடுத்த படத்தை, நீ ஒருத்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஊரே உன்னைத் திட்டுவதை நீ கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்டுவிட்டாய். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

நீ இப்போது அனுப்பிய கட்டுக்குள் அறுபத்திரண்டு அட்டைகள் இருந்தன. தெரிந்து வைத்தாயா, தவறி வந்ததா, தெரியவில்லை. பெயர் போடாவிட்டால் உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "முடிவு பிடித்ததா?" என்ற இடத்தில் "பிடித்தது" என்று எழுதியிருக்கிறாய். கீழே, "கதவை மூடிவிட்டு அந்தப் பையன் தனியாக எங்கே போகிறான்? அதை ஏன் காட்டவில்லை?" என்று கேட்டிருக்கிறாய்.

இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. மூன்று வருஷம் எழுதிய எனக்கும் தோன்றவில்லை. நேற்று முழுக்க யோசித்தேன், அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அட்டையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

படத்தை மாற்ற மாட்டேன். அந்தப் பையனுக்கு வயது ஒன்பது, அவன் கதவை மூடத்தான் செய்வான். எனக்கு நாற்பத்தொன்று.

அடுத்த ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். கோபத்தோடுதான் வருகிறேன், அதை ஊரிலேயே விட்டுவிட்டு வர முடியாது. ஸ்டேஷனுக்கு வந்து நில்.

உன் தம்பி