எடுத்துவிட்ட ஆறாவது மன்றாட்டு

என் அன்பு மகளுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிட நாலு மடங்கு சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபத்தில் கேட்கிறேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டதில் இப்போது தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் நம்பர்கூட வீட்டு வாசலில் இருந்தே தெரிகிறது. மொட்டைமாடிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததும் ஒருவழியாக நின்றது. மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று அம்மா சொன்னாள், எண்ணெய் தைலம் எல்லாம் அப்புறம், முதலில் அந்த நாற்காலியை மாற்றச் சொல். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனைக் காதில் வைத்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், எனக்குச் சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றித்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா மேல் எனக்குப் பொறாமை. அறுபத்தெட்டு வயதில், கட்டின பெண்டாட்டி மேல், அதுவும் கோயில் காரியத்தில். சிரிக்காதே, சிரித்தாலும் முழுக்கப் படித்துவிட்டுச் சிரி.

நம் பங்குக் கோயில் வழிபாட்டுக் குழுவில் நான் இருபத்திரண்டு வருஷமாக இருப்பது உனக்குத் தெரியும். பூசைக்கு முன்னுரை, விசுவாசிகள் மன்றாட்டு, எந்த வாரம் யார் வாசகம் படிப்பது, பதிலுரைப் பாடல் எத்தனை அடி, எல்லாம் அந்த நீலக் கோப்பில்தான் இருக்கும், கோப்பு என் கக்கத்தில் இருக்கும். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் என்பதால் என் எழுத்தில் ஒரு ஒற்று தப்பியிருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து மன்றாட்டு, திருச்சபைக்கு ஒன்று, நாடாளுவோருக்கு ஒன்று, உலக அமைதிக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, நம் பங்குக்கு ஒன்று. இதில் யாரும் குறை சொன்னதில்லை. யாரும் பாராட்டினதும் இல்லை என்பதை நான் கவனித்ததே இந்த வருஷம்தான். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கண்ணைக் கிழித்தார்கள், பத்து நாள் ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நான் சொல்லச் சொல்ல நீ எழுது என்று உன் அம்மாவைத் தையல் மெஷினை விட்டு எழுப்பி உட்காரவைத்தேன். நோயாளிகளுக்கான மன்றாட்டு வந்தபோது, நோயுற்றோர் துன்புறுவோர் அனைவருக்காகவும் என்று நான் சொன்னேன், அவள் சும்மா ம் ம் என்று எழுதிக்கொண்டாள். ஞாயிறு பூசையில் மருந்துக்கடைக்காரர் அதைப் படித்தபோது என் காதையே நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இன்றைக்காவது யாராவது வருவார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்று படிக்கிறார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சனங்கள் சொன்னது வழக்கமாகச் சொல்வது மாதிரி இல்லை, நிஜமாகவே கேட்டது மாதிரி இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால், ரிட்டையர்டான தலைமையாசிரியை அம்மா, என்னை ஒரு தலையசைப்புக்கு மேல் மதிக்காதவர், நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் தங்கை நாலு மாதமாகப் படுக்கையில் கிடப்பதாகவும் என் மன்றாட்டு தன்னை உலுக்கிவிட்டதாகவும் சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லாம் ஆண்டவர் செயல் என்றேன். உன் அம்மா இரண்டடி தள்ளி நின்று, விரியாத குடையை விரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது, விழாத மாதிரி இருந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நான்தான் அவள் மேல் பாய்ந்தேன், நான் சொன்னதை எழுதாமல் நீ இஷ்டத்துக்கு மாற்றுவதா என்று. அந்த இடத்தில் அனைவருக்காகவும் என்று எழுதும்போது ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை, அதனால் மாற்றினேன் என்றாள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள் பார். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு ஒருத்தர் முகமும் வந்ததில்லை, வர வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

பத்தாம் நாளே பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நானும் அதே மாதிரி எழுதிப் பார்க்கலாம் என்று, கண் சிகிச்சை முடிந்து படிக்க முடியாமல் தவிக்கும் முதியவர்களுக்காக என்று ஒரு மன்றாட்டு எழுதினேன். படித்து முடிப்பதற்குள் மொத்தக் கோயிலும் திரும்பி என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தது, பாடகர் குழுவில் யாரோ இருமுவது மாதிரி சிரித்தார்கள். அதற்கு அடுத்த வாரக் கூட்டத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கோயில் துணிகளை உன் அம்மாதானே தைத்துக் கொடுக்கிறாள், ஒவ்வொரு கட்டின் மேலும் சீட்டு எழுதி ஊக்குக் குத்தி அனுப்புவாள். புதிதாக வந்திருக்கும் ஃபாதர் என் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்து, அந்தப் பழைய தாளை எடுத்துப் பார்த்தார், இந்தக் கையெழுத்தை நான் பீடத்துணிக் கட்டின் மேல் பார்த்திருக்கிறேனே என்றார். கண் ஆபரேஷன், நான் சொன்னேன் அவள் எழுதினாள் என்று நான் முணுமுணுத்தேன். அவர் சின்ன வயது, ஆனால் விவரமானவர். அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, புனித வார மன்றாட்டுகளை உங்கள் வீட்டம்மாவே எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். நீ அந்தக் கூட்ட அறையைப் பார்த்திருக்கிறாய், பீடத்துக்குப் பின்னால், உடுப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நீள மேஜை. அதில் ஜன்னலோர நாற்காலி ஒன்றில்தான் காற்று வரும், அது இத்தனை வருஷமும் என்னுடையது. அடுத்த கூட்டத்தில் ஃபாதர் அதை இழுத்துப்போட்டு உன் அம்மாவை உட்காரச் சொன்னார், அவளும் உட்கார்ந்துவிட்டாள். தேநீரையும் அவரே ஊற்றிக் கொடுத்தார். நான் அலமாரி ஓரம் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் கைப்பிடியில் முழங்கை இடித்துக்கொண்டு, அவள் எழுதிவந்ததை அவர்கள் ஆளுக்கு ஒரு தரம் வாங்கி வாங்கிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழனுக்கு அவள் ஆறு எழுதியிருந்தாள். ஆறாவது ஒருவருக்காகவே எழுதியது. டயர் பட்டறையில் வேலை செய்கிற அந்த டிரைவரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா, முன்பு கோயிலுக்கு நாற்காலி பெஞ்சு எல்லாம் தன் லாரியில் சும்மாவே ஏற்றி வந்து இறக்குவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் லாரியின் குறுக்கே ஒரு பெரியவர் சைக்கிளோடு வந்து விழுந்து இறந்துபோனார். கோர்ட்டில் அவன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, கோயில் படியும் மிதிக்கவில்லை. பட்டறைக்கு வந்த ஒரு வண்டியின் சீட் உறையைத் தைக்கக் கொண்டுவந்தவன் உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறான். அவள், வியாழக்கிழமை பூசைக்கு வா, பேரைச் சொல்லாமல் உனக்காக ஒரு மன்றாட்டு இருக்கும், கேட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும், கூட்டத்திலேயே சொன்னாள். அந்த மன்றாட்டு இதுதான்: தான் நினைக்காமலே ஒரு உயிர் போகக் காரணமாகிவிட்டு, அந்தப் பாரத்தோடு தினமும் எழுந்து வேலைக்குப் போய் வருகிறவர்களுக்காக. அவர்கள் கை நடுங்கும்போது அந்தக் கையை நீர் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.

தாளைக் கணினியில் அடித்து பிரின்ட் எடுப்பது என் வேலை. புதன்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஐந்தை அடித்தேன். ஆறாவதை மூன்று தடவை படித்தேன், பிழை இருக்கிறதா என்று தேடினேன், ஒரு காற்புள்ளி தப்பாக இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மன்றாட்டு பொதுவாக இருக்க வேண்டும், தனி ஆளுக்காக எழுதக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் சொல்லிக்கொண்டேன். துன்பப்படுகிறவர்களுக்காக மன்றாடுவது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், கூட்டத்தில் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஐந்தோடு நிறுத்தி பிரின்ட் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய நாட்களில் மன்றாட்டைப் படிப்பதும் நான்தான். அன்று மாலை பாதம் கழுவும் சடங்கு முடிந்து, ஈரத் துண்டுகளை எடுத்துப்போன பிறகு வாசக மேடையில் ஏறினேன். மூன்றாவது மன்றாட்டில் தலையை நிமிர்த்தியபோது அவன் தெரிந்தான். கடைசித் தூணுக்குப் பக்கத்தில், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டு, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். புதுக் கண் ஆயிற்றே, நன்றாகத் தெரிந்தது. நான்கைப் படித்தேன், ஐந்தைப் படித்தேன். அடுத்தது வரும் என்று ஃபாதர் காத்திருந்தார், உன் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு அந்த ஆறாவது மன்றாட்டு அட்சரம் பிசகாமல் மனப்பாடம், வாயைத் திறந்திருந்தால் வந்திருக்கும் மகளே. நான் கோப்பை மூடிவிட்டு இறங்கி வந்தேன். அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்குக் கொண்டுபோகும்போது திரும்பிப் பார்த்தேன், தூணருகே ஆள் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். செருப்பைக் கழற்றும்போது, "அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வந்திருந்தான்" என்றாள், அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

பெரிய வெள்ளிக் காலையில் நான் பட்டறைக்குப் போனேன். பட்டறை மூடியிருந்தாலும் அவன் மட்டும் உள்ளே ஒரு பழைய டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன், நேற்று உனக்காக ஒரு மன்றாட்டு எழுதியிருந்தது, அதை எடுத்தது நான் என்று. அவன் டயரை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கோயில்ல பேசி, எனக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன் ஐயா" என்றான்.

நான் அவசரமாகத் தலையாட்டி மறுத்தேன். "உன்னால இல்லப்பா. அதை என் வீட்டுக்காரி என்னைவிட நல்லா எழுதிட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவன் உதட்டோரம் லேசாக இழுத்தது, இதுக்கா என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, இப்ப படிங்க என்றான். அவள் கைப்பட எழுதித் தந்த தாளைப் பையிலிருந்து எடுத்துப் படித்தேன். இன்னொரு தடவை கேட்டான், படித்தேன். தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அக்கா எழுதினதா, நீங்க எதுவும் திருத்தலையா என்றான். ஒரு புள்ளிகூட இல்லை என்றேன். அந்த நேரத்திலும், மகளே, அவன் கண் கலங்கி நிற்கும்போதும், அக்கா என்று அவன் சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்றது. அதை மறைத்தால் இந்தக் கடிதம் பொய்.

அன்று மூன்று மணி வழிபாட்டுக்கு அவன் வந்தான், சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றான், உன் அம்மாவுக்கு நாலு பேர் பின்னால். ஃபாதரிடம் நடந்ததை நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை, உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் அந்த ஆறாவதையும் சேர்த்து நீங்களே படியுங்கள் என்றார். படித்தேன். வெளியே வந்ததும் தலைமையாசிரியை அம்மாவிடம் போய், இதுவும் அன்றைக்கு எழுதினதும் நான் இல்லை, என் மனைவி என்றேன். அவர், அது அன்றைக்கு வீட்டுக்குப் போனதுமே தெரிந்துவிட்டது, நீங்கள் எழுதினால் அனைவருக்காகவும் என்று வருமே என்றார். எனக்கு இது தேவைதான்.

இப்போது மன்றாட்டெல்லாம் அவள் எழுதுகிறாள், நான் அடித்துக் கொடுக்கிறேன். முன்னுரை மட்டும் நீங்க எழுதுங்க, எனக்குப் பெரிய வார்த்தை எல்லாம் வராது என்று சொன்னாள். அவளுக்கு எல்லா வார்த்தையும் வரும், எனக்கு இரங்கி விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரியாதவனா நான். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். எரிச்சல் முழுசாகப் போகவில்லை, ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரிகிறது. ஆனால் போன வாரம் அவள் ஒரு மன்றாட்டில் திணறிக்கொண்டிருந்தபோது யார் முகத்தை நினைத்து எழுதுகிறாய் என்று நானாகக் கேட்டேன், சொன்னாள், ஒரு சொல் எடுத்துக்கொடுத்தேன், வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு சொல்தான்.

குழந்தையைச் செபம் சொல்லாமல் தூங்கவைக்காதே. வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. நாங்கள் மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிற அளவுக்கு உன்னை நினைத்து ஏங்கவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள், அதை நம்பாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணிபோல் காத்துக்கொள்ளட்டும், உங்கள் வாசலில் சமாதானம் தங்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, தூய ஆவி திருநாளுக்குப் பல மொழியில் மன்றாட்டு வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நீ இருக்கும் ஊர் மொழியில் ஒன்றைப் படித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லி உன் அம்மா கேட்பாள். சரி என்று சொல். ஆனால் அனுப்பும்போது என் போனுக்கு அனுப்பு, அவள் போனுக்கு வேண்டாம். நான் முதலில் தனியாகக் கேட்டுவிட்டு, அப்புறம் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா