பின்மூடியில் மூன்று தேதிகள்

முதல் கடிதம்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அப்பாவின் கைக்கடிகாரத்தை எங்கே கொடுக்கலாம், எங்கே கொடுக்கக் கூடாது என்று ஒரே வாரத்தில் நான்கு முறை கட்டளை போடும் தெம்பு உனக்கு இருக்கிறதே. அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று அந்த நான்கில் ஒன்றில்கூட நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கைத்தடி ஊன்றிக் குளியலறை வரை போகிறார். படி இறங்குவதில்லை.

போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கடிகாரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்குகிறது. போன வாரம் இரண்டு தடவை நின்றே போனது. அச்சகத்தில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்த மனிதருக்கு முதலாளி தன் கையால் கட்டிவிட்ட கடிகாரம். இந்த வீட்டில் உயர்ந்த பொருள் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கவே கூடாது, கண்ணில் மண்ணைத் தூவிவிடுவார்கள், அடுத்த மாதம் வந்து போகும் உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பு, அங்கே நீயே பார்த்துக்கொள்வாய் என்கிறாய். நாலு வருடமாக அந்தக் கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காதவனுக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம்? சொத்துப் பங்கு கேட்க வெட்கமாக இருந்தால் நேரடியாகச் சொல். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எனக்கும் தெரியும்.

அப்பா ஒரு படி மேலே போய், எங்கேயுமே கொடுக்க வேண்டாம், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியவன் நீதான்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த வேலைக்கான நேர்முகத்துக்குப் போக, பெரிய ஆபீசில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி, கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாய். ஒன்பது நாள் உன் கையில் இருந்தது. அதற்கு நடுவில்தான் அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன். பிறகு கடிகாரத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு விமானம் ஏறினாய். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து மெலிந்து வந்தார், மணிக்கட்டில் சங்கிலிப் பட்டை தொளதொள என்று ஆடியது. இரண்டு கண்ணி கழற்றிவர என் வீட்டுக்காரர், உன் மாமா, எடுத்துப் போனார். ஒரு மணி நேர வேலை. திரும்பி வந்ததும் அப்பா சாவி கொடுத்துப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், முகம் மாறிவிட்டது. இதோட நடையே மாறிடுச்சு என்றார். அச்சு இயந்திரம் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொன்ன காது அது.

அன்றைக்கு நீ போனில் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. "மாமா அதை யார்கிட்ட கொடுத்தாரோ, யாருக்குத் தெரியும்." அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு அப்பா என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. 'அவர்' என்பார். அவர் அறைக்குள் வந்தால் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைக்கிறார். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறி, கிரீஸ் கையைக் கழுவிவிட்டு, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அந்த மனிதர். பூட்டும் சத்தம் கேட்டும் கேட்காததுபோல் தண்ணீர் ஊற்றுவார். நாலு வருடம், தம்பி. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் நம் லென்ஸ்காரரிடம் முதலில் போனேன். தூங்கும்போதும் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டியிருப்பார் என்று நீ சின்ன வயதில் கேலி செய்வாயே, அவர்தான். இதே கடிகாரத்தை இரண்டு தடவை பிரித்துச் சுத்தம் செய்தவர். கையில் வாங்கி, லேசாக ஆட்டி, காதில் வைத்துக் கேட்டார். பிறகு துணியில் துடைத்து என்னிடமே நீட்டினார். ஏன் என்றேன். "நான் ஒண்ணு சொன்னா அது என் பேச்சு. அவங்க சொன்னா அது பேப்பர். உனக்கு வேண்டியது பேப்பர்மா."

அதனால்தான் கம்பெனிக்குப் போகப் போகிறேன். எண்ணெய் வறண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று முத்திரை போட்ட ஒரு காகிதம் எனக்கு வேண்டும். அதை அப்பாவின் கண்முன் நீட்ட வேண்டும். உன் மாமாவின் பேரில் விழுந்த கறை போக வேண்டும். உன் சிநேகிதன் வெறும் கையோடு திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
அக்கா


இரண்டாவது கடிதம்

தம்பிக்கு,

கொடுத்துவிட்டேன். "திரும்ப வாங்கு, உடனே வாங்கு" என்று நீ அனுப்பிய செய்திகளை வரிசையாகப் படித்தேன். பதினொன்று. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரத்தில்கூட நீ இத்தனை தடவை விசாரித்ததில்லை.

அப்பாவிடம் சொல்லித்தான் எடுத்துப் போனேன். முதலில் மறுத்தார். முந்தின நாள் சுத்தமாக நின்றுவிட்டதால் வேறு வழியில்லை. கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். திறந்துட்டா அப்புறம் மூட முடியாதும்மா என்றார். பழைய ஃபோர்மேன் புத்தி, எந்த இயந்திரத்துக்கும் சொல்வதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ பயமுறுத்திய கொள்ளைக்கூடத்தைப் பற்றியும் சொல்கிறேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், பேச்சுச் சத்தமே இல்லை. கையுறை போட்ட ஒரு பெண் கடிகாரத்தைச் சின்ன மெத்தையில் படுக்கவைத்து, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான்கு பக்கத்துக்கு ஒரு படிவம். கீறல்களைத் தேய்த்துப் பாலிஷ் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். ஓரத்தில் இருக்கும் நீளக் கீறல் அச்சகத்தின் இரும்புக் கதவில் பட்டது, அப்பா அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவார். கழற்றும் பழைய பாகம் எதுவானாலும் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதி வாங்கினேன். உன் அக்காவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. வெளியாட்களுக்காவது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பின்தங்கும் கடிகாரத்தை, அதைச் செய்த கம்பெனியே திறந்து பார்ப்பதில் உனக்கு என்ன நஷ்டம்? பதினொரு செய்தியிலும் காரணம் இல்லை. யோசித்துப் பதில் எழுது. பத்து நாளில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அக்கா


மூன்றாவது கடிதம்

தம்பி,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இனி அது தேவையும் இல்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். அதே பெண்தான். மேஜைமேல் பெரிதாக எடுத்த படங்களைப் பரப்பினாள். கூடு எங்களுடையது, முகப்பு எங்களுடையது, முள் எங்களுடையது, உள்ளே இருக்கும் மெஷின் மட்டும் எங்களுடையது இல்லை என்றாள். யாரோ உண்மையான மெஷினை எடுத்துவிட்டு, பார்ப்பதற்கு அதுபோலவே ஓடும் மலிவான ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் தொடமாட்டோம் என்று மூடி, காகிதத்தோடு கொடுத்துவிட்டாள். நான் கேட்ட பேப்பர். அப்பா சொன்னது சரிதான், நடை மாறித்தான் இருக்கிறது. அப்படியானால் என் வீட்டுக்காரர்? கடவுளே, ஒரு நிமிடம் நானே அவரைச் சந்தேகப்பட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவும் உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

படங்களோடு நேராக லென்ஸ்காரரிடம் ஓடினேன். அவர் பின்மூடியின் உட்பக்கப் படத்தை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடிகாரத்தைத் திறக்கிறவன் அன்றைய தேதியையும் தன் அடையாளத்தையும் மூடியின் உட்புறம் ஊசியால் கீறி வைப்பானாம். அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரிவதற்காக. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று கீறல் இருந்தது. முதல் இரண்டும் தன்னுடையவை என்றார். மூன்றாவது வேறு கை. "செய்யறது திருட்டு வேலை. ஆனா தொழில்காரன் கை பாரு, தேதி போடாம மூட மனசு வரல."

நான் தேதியைப் படித்தேன். திரும்பப் படித்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த தேதி.

அன்றைக்குக் கடிகாரம் யார் கையில் இருந்தது என்று உனக்குத் தெரியும். கண்ணி கழற்ற உன் மாமா அதைத் தொட்டது அதற்கு மூன்று வாரம் கழித்து. அன்று காலை ஆறு மணியிலிருந்து அவர் என்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், இரத்தம் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். நீ பிற்பகலில்தான் வந்தாய். வழியெல்லாம் நெரிசல் என்றாய். பாவம், ஓடி வந்திருக்கிறான் என்று உனக்கு நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்வார்கள். சொந்த வீட்டில் பிடுங்கினவனை அன்றுதான் பார்த்திருக்கிறேன், பார்த்தும் தெரியவில்லை.

எதற்காக எடுத்தாய் என்று கேட்கப் போவதில்லை. போகிற அவசரத்தில் ஏதோ தேவை இருந்திருக்கும். கேட்டிருந்தால் அப்பா முழுக் கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்திருப்பார். எடுத்ததைக்கூட விடு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தெரிந்தே அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் காகிதத்தையும் மூடியின் படத்தையும் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். தேதியில் விரலை வைத்தார். பிறகு உறைக்குள் போட்டு, உங்கப்பாகிட்ட காட்டாதே, கால் வலியோட இது வேற எதுக்கு என்றார். நாலு வருடம் திருடன் பட்டம் சுமந்தவர் பேசுகிற பேச்சா இது? எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அவர் பெரிய மனிதர். நான் இல்லை.

ஆனால் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கடிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா சரியாகிவிட்டதா என்று கேட்கவில்லை. மூடியைத் திறந்தாங்களா என்று கேட்டார். திறந்தாங்க என்றேன். உள்ளே தேதி போட்டிருக்குமே, லென்ஸ்காரர் ஒரு தடவை காட்டியிருக்கார் என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அவரே கேட்டார், ஆபரேஷன் அன்னைக்கா என்று.

அவருக்குத் தெரியும், தம்பி. முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் எங்கேயும் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தார். மயக்க ஊசி போடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், நீ வருவாய் என்று. நடை மாறியது காதில் விழுந்ததும், நீ வராத அந்தக் காலைதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். என்னால் தாங்க முடியவில்லை. நன்றாகச் சத்தம் போட்டேன். தெரிந்துகொண்டே எப்படி அவர்முன் அலமாரியைப் பூட்டினீர்கள், உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டேன். பெற்ற அப்பாவிடம் வாழ்க்கையில் முதல் தடவை அப்படிப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "அவர் எடுத்திருந்தா எனக்குக் கடிகாரம் மட்டும்தானேம்மா போயிருக்கும்" என்றார்.

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா பார்.

அன்றிலிருந்து அலமாரி பூட்டப்படுவதில்லை. ஆனால் உன் மாமா மாத்திரை நீட்டினால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வாங்குகிறார். முகத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. இரண்டு பேரும் ஒரே அறையில், உன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நான் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறேன். அப்பா தானாகத் தொடங்க மாட்டார். தொடங்கினால் உன் பேரைச் சொல்ல வேண்டி வரும். அதை நீதான் சொல்ல வேண்டும்.

என்னிடம் பேச வேண்டாம், நான் இன்னும் கொஞ்ச காலம் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருப்பேன். முதலில் உன் மாமாவிடம் பேசு. விடுப்பா என்பார், அது அவர் சுபாவம். அதோடு தப்பித்தோம் என்று போனை வைத்துவிடாதே, முழுவதும் சொல்லி முடி. பிறகு போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். அவர் மாப்பிள்ளை என்று வாய்விட்டு ஒரு தடவை கூப்பிட வேண்டும், அதை இந்த மனிதர் காதால் கேட்க வேண்டும். இந்த வீட்டில் பழுது பார்க்க வேண்டியது இப்போது அது ஒன்றுதான். அதற்கு வேறு கடை இல்லை.

கடிகாரம் ஓடவில்லை. அப்பா கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நன்றாக இரு. அதற்கு மேல் வாழ்த்த இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கூப்பிடு.

இன்னும்
உன் அக்காதான்