தூங்குகிறவரைத் தாண்டலாமா

நெல்லித்தோப்பு, புதுச்சேரி

மகளே,

கனடா வந்திறங்கிய அன்று மொந்த்ரேயால் விமான நிலையத்தில் உன்னிடம் ஏன் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டாயே. போனில் சொல்ல முடியவில்லை.

பாரீஸில் ஏறியதுமே பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டார். எனக்கு ஜன்னலோரம். பாத்ரூம் போக அவர் காலைத் தாண்ட வேண்டும். தூங்குகிறவரைத் தாண்டலாமா? எழுப்பவும் மனம் வரவில்லை. அட்லாண்டிக் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிருமே என்று என் போர்வையையும் அவருக்குப் போர்த்திவிட்டேன்.

தரையிறங்கியதும் பணிப்பெண் அவரை உலுக்கினாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அதே போர்வையை முகம்வரை இழுத்து மூடிவிட்டு, "மதாம், உங்க வீட்டுக்காரரா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அவர் காலைத் தாண்டித்தான் உன்னிடம் வந்தேன்.

இங்கே உன் அப்பா மத்தியானம் கண்ணயர்ந்தாலே எழுப்பிவிடுகிறேன். "மனுஷனத் தூங்க உடமாட்டியாடி?" என்று கத்துகிறார்.

கத்தட்டும்.

அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அம்மா