அக்கா அடை வைத்த முட்டைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை என்னை யாரும் எழுப்பவில்லை. ஆறரை வரை தூங்கிவிட்டேன். எழுந்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

நேற்று இவர் கமிஷனரைக் கொண்டுபோய்க் கோழிக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். கமிஷனர் எங்கள் சேவல். கொல்லையில் அவன் நடை அப்படி, ரோந்து போகிற மாதிரி. கூவி முடிக்கும்போது விக்கல் போல ஒரு சின்ன 'க்' வரும். வேறு எந்தச் சேவலிடமும் நான் அதைக் கேட்டதில்லை.

நகராட்சியில் புகார் கொடுத்தது வேறு யாருமில்லை, வீட்டின் அடுத்த பாதியில் இருக்கும் என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் மனைவி. நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். "அந்தச் சேவலால தூக்க மாத்திரை போட்டாத்தான் தூக்கம் வருது" என்று சுகாதார அலுவலரிடம் சொல்லியிருக்கிறாள். மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பது நான். அவள் வாங்குவதெல்லாம் வாயு மாத்திரை.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் கமிஷனர் அவளை ஈரத்துணி வாளியோடு கொல்லை முழுக்கத் துரத்தினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"விடு, அண்ணிதானே" என்கிறார் இவர். அண்ணிதானே!

மார்ச் 5

அவள் வீட்டில் கோழிக்கறி வாசனை. சுவரில் சாய்ந்து, "கோழி எங்க வாங்கினீங்கக்கா?" என்றேன்.

"வழக்கமான கடைதான். கொஞ்சம் முத்தல். வேகவே மாட்டேங்குது."

முத்தல். அது அவன்தான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இவளைச் சும்மா விடமாட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 9

தெரிந்துவிட்டது!

அவளிடம் இருப்பது ஒரே ஒரு சாம்பல் நிறப் பெட்டை. நான் வளர்க்கிறேனே என்பதற்காக வாங்கியது. அது அடைக்கு உட்கார்ந்துவிட்டதாம். இன்று தானாகவே சுவரோரம் வந்து யோசனை கேட்டாள்.

"கடையில நல்லா பெரிய முட்டை வந்திருக்கு, வெள்ளை வெளேர்னு. அதையே அடை வெச்சா குஞ்சும் பெருசா வரும்ல?"

கடை முட்டை! சேவலையே பார்க்காத பண்ணைக் கோழிகள் இட்டது. மூன்று வாரம் இல்லை, மூன்று வருடம் உட்கார்ந்தாலும் அதிலிருந்து நாற்றம்தான் வரும்.

"தாராளமா வைங்கக்கா" என்றேன். "நல்லா பெருசா வரும்."

முகத்தை எப்படித்தான் வைத்துக்கொண்டேனோ.

மார்ச் 10

நல்ல தூக்கம்.

மார்ச் 12

என் கறுப்பியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். சேர்த்து வைத்திருந்த பழுப்பு முட்டைகளை அடியில் வைத்தேன். எல்லாம் கமிஷனர் இருந்தபோது இட்டவை. அவன் மிச்சம் வைத்துவிட்டுப் போனது இவ்வளவுதான்.

மார்ச் 21

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். என் முட்டைகளுக்குள் சிவப்பு நரம்பு ஓடுகிறது. அவளும் தன் முட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றாள். "தொடாதீங்கக்கா, கோழி கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிடும்" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே எனக்கு!

குஞ்சுகளுக்காகப் பெரிய கூடை வாங்கிவிட்டாளாம். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆளுக்கு ஒரு குஞ்சு தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். இன்னும் நிறையப் பேரிடம் சொல்லட்டும். மூக்கு உடையும்போது சத்தம் தெரு முழுக்கக் கேட்க வேண்டும்.

மார்ச் 31

நேற்றே பொரித்திருக்க வேண்டும். அவள் முகம் வாடிவிட்டது. "பெரிய முட்டைல்ல, கூட ரெண்டு நாள் ஆகும்" என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 2

விடியும்போதே கறுப்பியின் சிறகுக்கடியில் கீச் கீச் என்று சத்தம். எட்டுக் குஞ்சுகள். இரண்டின் கழுத்தில் கமிஷனரின் அதே செம்பு நிறம்.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். சாம்பல் பெட்டையைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கையில் குத்துகிறது. இறக்கி விட்டதும் தள்ளாடிப் போய் மறுபடி அந்தக் கூமுட்டைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அப்போதும் ஒரு முட்டையை அலகால் அடியில் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது.

"துப்பில்லாத கோழி" என்றாள் அவள். "நாளைக்குக் காலைல கடைக்குக் கொடுத்துடப் போறேன்."

ஐயோ, அது என்ன பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு, சோறு தண்ணி இல்லாம. நான் சொன்ன பொய்க்கு அது சாகணுமா? மறுபடியும் அதே கடைக்கா?

சாயங்காலம் அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் சுவர் ஏறிக் குதித்தேன். அவளுக்காக இல்லை. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன், அவளுக்காக இல்லவே இல்லை. கூமுட்டைகளை எடுக்கும்போது ஒன்று என் மடியிலேயே வெடித்துத் தொலைத்தது. குமட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வேண்டியதுதான். மூன்று குஞ்சுகளை உள்ளே தள்ளினேன், பொரித்த அடையாளத்துக்குக் கொஞ்சம் ஓடும் போட்டேன். பெட்டை ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு தொண்டைக்குள் மெல்லக் கூப்பிட்டது.

மூன்றும் துண்டை வீசியதும் ஓடாமல் எதிர்த்து நின்ற குஞ்சுகளாகப் பார்த்து எடுத்தவை. அப்படி நிற்பது சேவலாகத்தான் இருக்கும் என்பார்கள். கமிஷனரின் பிள்ளை அவள் ஜன்னலுக்குக் கீழேயே நின்று கூவட்டும். அப்போது யார் மேல் புகார் கொடுக்கிறாள் என்று பார்க்கிறேன்.

ஏப்ரல் 3

மூன்றுதான் பொரித்ததாம். தெருவையே கூட்டிக் காட்டுகிறாள். என்னிடம், "நீ சொன்ன மாதிரியே கூட ரெண்டு நாள் ஆச்சு பாரு" என்றாள். சிரித்தாளா? சரியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

இன்று காலை ஒரு கூவல், முடிவில் அந்த 'க்'கோடு.

பாயில் உட்கார்ந்து அழுதேன். இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

அவளுடைய மூன்றில் இரண்டு பெட்டையாகிவிட்டன. என்னிடம் இருப்பது ஐந்தும் பெட்டைதான். இருக்கிற ஒரே சேவல் அவள் பக்கம்.

ஆகஸ்ட் 22

தூக்கம் கெட்டு அலறுவாள் என்று காத்திருந்தால், "எங்க ராஜா கூவினதைக் கேட்டியா? அலாரமே வேண்டாம்" என்கிறாள். எங்க ராஜாவாம்! வயிறு எரிகிறது. பாடுபட்டு நான் வாங்கிய பழி இதுதானா?

செப்டம்பர் 6

அதே சுகாதார அலுவலர் வந்தார். பின் தெருவிலிருந்து புகார். நேராக என்னிடம்தான் வந்தார். "ஒட்டின வீடு நீங்கதான். சேவல் சத்தம் தொல்லையா இருக்கா? நீங்க ஆமாம்னா இன்னைக்கே எடுக்கச் சொல்லிடுவேன்."

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆறு மாதமாக நான் கேட்டது இதைத்தானே? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சேவலா?" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேட்கலையே."

அந்த நேரம் பார்த்துத்தானா அவன் கூவ வேண்டும்? 'க்' வரை முழுசாகக் கூவினான். அலுவலர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெரு திரும்பியதும் அவள் சொன்னாள்: "நான் வெச்சது வெள்ளை முட்டை. கிடந்தது பழுப்பு ஓடு."

"அப்பவே தெரியுமா? ஏன்க்கா சொல்லலை?"

"கடை முட்டை பொரிக்காதுன்னு நீ சொன்னியா?"

முத்தல் கோழியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 11

இன்று காலை ராஜா அவளைத் துரத்தினான். அதே ஈரத்துணி வாளி. சுவரில் அவள் எப்போதும் தாழிட்டு வைத்திருக்கும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து என் சமையலறைக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

திறந்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான்.